பாதி மருந்து

தொழில் என்ற கட்டத்தில்
என்ன எழுதுவதென்று ஆணையத் தலைவர் கேட்டார்.
டிபியா, என்றாள் இஜெந்து.
நோய் பார்ப்பவள், குறி பார்ப்பவள்,
செத்தவர்களோடும் பேசிவிட்டு வருபவள்.
அந்தக் கட்டத்துக்குள் அடங்கும் ஆங்கிலம் என்னிடம் இல்லை.
மூலிகை வியாபாரி என்று சொல்லிவிட்டேன்.
அவள் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

நான் மொழிபெயர்ப்பாளன்.
நாளுக்கு ஒன்பதாயிரம் நைரா, மதியச் சோறு தனி.

எனுகு நகரம். மூன்றாம் மாடி.
மூன்று மின்விசிறிகளில் ஒன்றுதான் சுற்றுகிறது,
அதுவும் வக்கீல்கள் பக்கம்.
சத்தியத்துக்கு பைபிளை நீட்டினார்கள்.
இரு கையாலும் வாங்கி, மேசையில் பத்திரமாக வைத்துவிட்டு
இடுப்புத் துணி முடிச்சை அவிழ்த்து
வெள்ளைச் சுண்ணக்கட்டியால்
தரையில் நான்கு கோடு கிழித்தாள்.
எகே. ஓரியே. ஆஃபோ. இங்க்வோ.
"எங்கள் வாரத்துக்கு நாலே நாள்.
பொய் சொன்னால் எந்த நாளில் போய் ஒளிவேன்?"
இதை மட்டும் நன்றாக மொழிபெயர்த்தேன்.

பிறகு அந்த நோட்டு.
அட்டையில் பந்தாட்டக்காரன் படம் போட்ட
பள்ளிக்கூட நோட்டு.
சந்தையை இடிக்க வந்த அன்றிலிருந்து
அவளிடம் வந்த உடம்புகள் எல்லாம் அதில்:

இடது தோள், துப்பாக்கிக் கட்டை. ஒகிரிசி இலைப் பற்று.
இரண்டு கண்ணும், புகை. கழுவியது ஆறு தடவை.
வலது கை, விரல் மூன்று. எப்படி என்று அவன் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
கர்ப்பம், ஐந்து மாதம். இப்போது இல்லை.

கடைசி வரியை ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள்
இரண்டு முறை தண்ணீர் குடித்தேன்.

"பெயர்களே இல்லையே?" அரசு வக்கீல்.
"வலியை எழுதினேன். ஆளை எழுதினால்
உங்கள் ஜீப் அவன் வீட்டுக்கு வழி கண்டுபிடித்துவிடும்."
"என்ன படித்திருக்கிறாய்?"
"சுட்ட அன்றைக்கு ஆஸ்பத்திரி கேட்டைப் பூட்டினார்கள்.
என் வீட்டுக்கு கேட் கிடையாது."
"பனங்குருத்தைப் பல்லில் கவ்வியபடி
ஊர்வலத்தில் முன்னால் போனதும் நீதானே?
அதுவும் வைத்தியமா?"
"காய்ச்சல் ஊருக்கு, ஐயா.
ஆளுக்கு ஒரு குவளை காய்ச்சிக் கொடுத்து மாளவில்லை."
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
சந்தைப் பெண்கள். தக்காளிக் கூடையோடே வந்திருந்தார்கள்.

அப்போதுதான், யாரும் கேட்காமலே,
குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"இந்த அறையில் இருக்கும் ஒருவர்
ஓர் இங்க்வோ ராத்திரி, வண்டியைத் தூரத்தில் நிறுத்திவிட்டு
தூக்கம் கேட்டு என்னிடம் வந்தார்.
சீருடை இல்லை, பூட்ஸ் மட்டும் மாற்ற மறந்திருந்தார்.
கை பிடித்துப் பார்த்தேன். யார் கையாக இருந்தாலும் பிடிப்பேன்.
மருந்தும் கொடுத்தேன்.
பத்தியம் ஒன்றுதான் சொன்னேன்:
அன்று வேனில் ஏற்றிய நாலு பையன்களை
எங்கே இறக்கினீர்கள் என்று
வெளிச்சத்தில், சத்தமாகச் சொல்ல வேண்டும்.
அதுவரை மருந்து பாதி வேலைதான் செய்யும்.
யார் என்று நான் சொல்ல மாட்டேன்.
அது வைத்தியத்தில் இல்லை."

நான் மொழிபெயர்த்தேன்.
குறிப்பிலிருந்து நீக்குங்கள், என்றார் தலைவர்.
நீக்கினார்கள்.
மின்சாரம் போனது.
சுற்றிய ஒரு விசிறியும் நின்றது.

அடுத்த அமர்வு திங்கட்கிழமை என்றதும்
விரல் விட்டு எண்ணினாள்.
"அது ஆஃபோ. அன்றைக்குக் காவல் நிலைய வாசலில் உட்காரும் முறை
எங்கள் தெருவுக்கு. செவ்வாய் வருகிறேன்."
தலைவர் பேனாவை உருட்டினார். செவ்வாய் என்று எழுதினார்.
வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடும்போது
'வியாபாரி'யை மட்டும் அடித்துவிட்டுப் போனாள்,
என் பேனாவால்.

கூடைகள் இறங்கிப் போன சத்தம் ஓய்ந்தது.
துடைக்கும் பெண் வாளியோடு வந்து
கோடுகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"அழிக்கலாமா?"

மூன்றாம் வரிசையில்
முழங்காலில் தொப்பியை வைத்தபடி,
மிளகாய்ப் பழமாய்ச் சிவந்த கண்களோடு,
இன்னும் ஒருவர்.

கொஞ்சம் பொறு, என்றேன்.
இக்போவில்தான் சொன்னேன்.